பேச்சு நின்றபோது கையில் ஊசி

என் மாமியாருக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட வேண்டும். யார் போடுவது என்பதை நானும் கணவரும் முதல் நாளே பேசிக்கொள்வோம்.

இங்கே சிங்கப்பூரிலேயே ஜூரோங்கில் இருக்கும் நாத்தனார் குடும்பத்தை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கணவர் தீபாவளி விருந்துக்கு அழைத்துவிட்டார். சமைப்பது நான்தானே? கோபத்தில் பேச்சை நிறுத்தினேன். அவரும் வீம்புக்கு வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஊசியோடு அத்தையிடம் போனேன். அவர் கையை நீட்டினார். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, "போடாத, நான் இப்பத்தான் போட்டேன்" என்று கத்தினார். ஊசியைச் சட்டென்று விலக்கினேன். இரண்டாவது ஊசியும் ஏறியிருந்தால் சர்க்கரை இறங்கி அத்தை மயங்கியிருப்பார்.

"ஏன் அத்தை சொல்லல?" என்றேன்.

"டாக்டர் ரெண்டா மாத்திட்டாரோனு நெனச்சேன். நீங்க ரெண்டு பேரும் இருந்த இருப்புல, கேக்கவே பயமா இருந்துச்சு லா."

இப்போதும் சண்டை போடுகிறோம். ஆனால் ஊசி போட்டவர், "போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் "சரி" என்று பதில் தர வேண்டும். அதற்குப் பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.