மலைக்கு முதுகு காட்டியவள்

இந்த வருஷத் தீபத்தன்றும் வழக்கம்போலத் தேரடித் தெருவில் போய் நின்றேன். மணி ஆறை நெருங்க நெருங்க, தெருவே மலை உச்சியைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. நான் மட்டும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பந்தோபஸ்துக்கு வந்திருந்த பெண் போலீஸ் ஒருத்தி என் தோளைத் தொட்டு, "மலை அந்தாண்ட இருக்குதும்மா. திரும்பி நில்லுங்க, இப்ப ஏத்திடுவாங்க" என்றாள். கிழவிக்குத் திசை தெரியவில்லை என்று நினைத்திருப்பாள், பாவம்.

"தெரியும்மா. அது எங்கயும் போவாது" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து போனாள்.

அவளிடம் எப்படிச் சொல்வது? தீபத்தன்று மலைக்கு முதுகு காட்டி நிற்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். அதற்காக ஒரு வீட்டையே காலி செய்துவிட்டுப் போனவள் நான். உங்களிடம் சொன்னால் புரிந்துகொள்வீர்கள் என்று தோன்றுகிறது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துச் சந்தில் யாரோ பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் சொல்யூஷன் வாசனை வந்தது. மற்றவர்களுக்குத் தீபம் என்றால் நெய்யும் கற்பூரமும் மணக்கும். எனக்கு இந்த வாசனைதான். இது மூக்கில் ஏறினால் போதும், தாஜுதீன் பாயின் சைக்கிள் கடை கண்முன் வந்துவிடும். கடைக்குள் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் பழைய பிரேக் கம்பி ஒன்று கட்டியிருக்கும். அதில் துணிக் கிளிப் போட்டு, நாங்கள் மூன்று பேர் எடுத்த படங்கள் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் தொங்கவிட்டால் அடுத்த ஞாயிறு வரை இருக்கும். காற்றடிக்க வருகிறவர்கள், செயின் மாட்ட வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். சொல்லக்கூடாது என்று யாருக்கும் தடை கிடையாது. எடுத்தவர் மட்டும், எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்கு டிரங்க்கால் போடுகிறவர்களின் குரல் எல்லாம் என் காது வழியாகத்தான் போய்வரும். பிள்ளை பிறந்த செய்தி, பெரியவர் போன செய்தி, கல்யாணம் நின்றுபோன செய்தி. யார் முகத்தையும் பார்த்தது கிடையாது. நாள் முழுக்கக் குரலையே கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு முகம் பார்க்க ஆசை வந்தது தப்பா, சொல்லுங்கள்.

அந்த ஆசைக்குத் தோதாக ஒரு கேமராவும் கிடைத்தது. ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரி ஒருத்தி ஊர் திரும்பும்போது சாமான்களை விற்றாள். அம்மாவுக்கு மண்ணெண்ணெய் அடுப்பு வேண்டும் என்று போனோம். அடுப்புக்குப் பக்கத்தில் செங்கல் கனத்தில் ஒரு ரஷ்யக் கேமரா இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுப்பு வாங்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் உறைத்தது. அம்மா பேசாத பிறவி. அன்றைக்கும் ஒன்றும் சொல்லாமல் பழைய அடுப்பிலேயே உலையை வைத்தாள்.

பெண்ணொருத்தி தோளில் கேமராவோடு பஸ் ஸ்டாண்டில் நின்றால் அந்தக் காலத்தில் ஒரே கேள்விதான் வரும்: "எந்தப் பேப்பரும்மா?" எந்தப் பேப்பரும் இல்லை, எனக்காகத்தான் எடுக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். தனக்காக என்று ஒரு பெண் எதையாவது செய்வாளா? கடைசியில் "கலெக்டர் ஆபீஸ்" என்று சொல்லிப் பார்த்தேன். உடனே ரேஷன் கார்டு விஷயம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து மறுபடி உண்மையையே சொன்னேன்.

அப்படி ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, என்னைப் போலவே கண்ணில் கேமராவை வைத்துக்கொண்டு எதிரே நின்றவர்தான் அப்பாண்டைராஜ் சார். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். நான் அவரை எடுக்க, அவர் என்னை எடுக்க, இரண்டு பேருமே நெளிந்தோம். "ஃபிலிம் வேஸ்ட்டும்மா" என்று சிரித்துவிட்டு, சார்தான் என்னைப் பாய் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாயும் எங்களைப் போலப் படம் எடுக்கிறவர். வீட்டுக் குளியலறை ஜன்னலில் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டு, எங்கள் மூவர் படங்களையும் அவர்தான் கழுவி எடுப்பார். படம் கழுவும் ஹைப்போ மருந்தின் நாற்றத்தில் குளிக்க முடியவில்லை என்று அவர் மனைவி சண்டை போடுவார். அந்த அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எங்கள் மூவருக்கும் ஒரு சட்டம் உண்டு. படத்தில் மலை இருக்கக் கூடாது. இருந்தால் எடுத்தவர் அபராதமாக எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். திருவண்ணாமலையில் இப்படி ஒரு சட்டமா என்று கேட்பீர்கள். எல்லாம் கடுப்புதான். மெட்ராசிலிருந்து நீள லென்ஸோடு வருகிறவர்கள் மலையை எடுப்பார்கள், கோபுரத்தை எடுப்பார்கள், காவி கட்டியவரை எடுப்பார்கள், பஸ் ஏறிவிடுவார்கள். காலண்டரில் எங்கள் ஊரைப் பார்த்தால் அங்கே மனிதர்களே குடியில்லாத மாதிரி இருக்கும். வேர்க்கடலை விற்கிறவர், மாவு மிஷின்காரர், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் எந்த ஊர்க்காரர்கள்?

ஆனால் சட்டம் போடுவது சுலபம், கடைப்பிடிப்பது கஷ்டம். எந்தத் தெருவில் திரும்பினாலும் மலை வந்து நிற்கும். ஒரு தடவை பாய், சலூனில் முகம் மழித்துக்கொள்பவரை எடுத்திருந்தார். அருமையான படம். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்து, "பாய், மலை" என்றார். சலூன் கண்ணாடி மூலையில் நகத்தளவுக்கு மலை தெரிந்தது.

"அரே, அது மலை இல்ல சார். கண்ணாடி!" என்று பாய் குதித்தார்.

"கண்ணாடில என்னா தெரியுது?"

"நகம் சைஸ்தான் இருக்குது. இதுக்கு மூணு டீயா? ஜாஸ்தி சார்."

வழக்கு ரொம்ப நேரம் நடந்தது. ஆனால் எந்த வழக்கானாலும் பொழுது சாய்வதற்குள் தீர்ப்பாகிவிட வேண்டும். சார் நயினார் குடும்பம், சமணர். சூரியன் இறங்கிவிட்டால் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. தீர்ப்பு தாமதமானால் அவர் டீ போச்சு. அதனாலேயே சார் நீதிபதியாக இருந்தால் வழக்கு சீக்கிரம் முடியும். பாய் முனகிக்கொண்டே டீ சொன்னார்.

அந்த எரிச்சலை மனதில் வைத்துத்தான் கார்த்திகை வந்தபோது பாய் என்னைச் சீண்டினார். "தங்கச்சி, பெருசா பேசறியே. தீபத்தன்னிக்கு மலை இல்லாம ஒரு படம் எடு பாக்கலாம்."

எடுத்தேன். மலை வேண்டாமென்றால் மலையைப் பார்க்கிறவர்களைப் பார்க்க வேண்டியதுதானே. அன்று தேரடித் தெருவில், எங்கள் பெரியப்பாவின் பாத்திரக் கடைக்கு எதிரே நின்றேன். மலையில் தீபம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊரில் விளக்கேற்றுவார்கள். பெரியப்பா அதுவரை பல்லில் தண்ணீர்கூடப் படாமல் விரதம் இருப்பார். கடைவாசலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட அகல்கள் காத்திருந்தன. "அரோகரா" என்று தெரு அதிர்ந்ததும் நான் திரும்பினேன்.

அந்த முகங்களை என்னவென்று சொல்வேன்! குரலாகவே கேட்டுக்கொண்டிருந்த ஊர் முழுவதும் முகமாக எதிரே நின்றது. நடுவில் பெரியப்பா. சிரித்தே பார்த்திராத மனிதர். இரண்டு கையும் தலைக்கு மேல் போயிருந்தன. வாய் திறந்திருந்தது. தோள் துண்டு நழுவி முழங்கையில் தொங்கியது. கண்ணீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவைத் தொலைத்து மறுபடி கண்டுபிடித்த குழந்தை மாதிரி அழுதார். கேமராவை நிலையாகப் பிடிக்கக்கூடக் காத்திருக்காமல் அழுத்திவிட்டேன். படம் லேசாக அசைந்துதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கம்பியில் மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பாய் பக்கத்தில் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "ஆடிப்போச்சு" என்றார். பிறகு சாரைப் பார்த்து, "சார், இதுல மலை இருக்குது" என்றார்.

"எங்க பாய் இருக்குது?" என்று, வாயைத் திறக்கக் கூடாது என்பதை மறந்து கத்தினேன்.

சார் பெரியப்பாவின் முகத்தைக் காட்டினார். "ஃபைன் கட்டும்மா. நேரமாவுது."

டீ வாங்கினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் அபராதம் கட்டியதில்லை.

எங்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. படத்தில் இருப்பவரைத் தேடிப் போய் ஒரு பிரதி கொடுத்துவிடுவோம். பெரியப்பாவுக்கும் கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, "இத எங்கேருந்து எடுத்த?" என்றார்.

"எதிர்லேருந்து."

"அப்போ மலைல தீபம் ஏத்தும்போது நீ முதுகக் காட்டிக்கினு நின்ன."

ஆமாம் என்றேன். இல்லை என்று எப்படிச் சொல்வது? படமே சாட்சி.

அடுத்த ஞாயிறு காலை, படங்களை இறக்குவதற்கு முன்பே சைக்கிள் கடைக்கு வந்துவிட்டார். தன் முகம் பிரேக் கம்பியில் தொங்குவதைப் பார்த்தார். பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பெரியப்பா உட்காரவில்லை. "ஊரே கையெடுத்துக் கும்புடும்போது முதுகக் காட்டினவ, என் மூஞ்சியக் கொண்டாந்து பஞ்சர் கடைல மாட்டியிருக்கா. எட்றீ அத. அந்த நெகடிவும் வேணும், கேமராவும் வேணும்."

"அய்யா, உங்க மூஞ்சில மலை தெரியுதுன்னு நாங்க தங்கச்சிக்கு ஃபைன் போட்டோம்" என்றார் பாய். பெரியப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எடுக்க மாட்டேன் பெரியப்பா. மலையைத்தான் எல்லாரும் பாக்கறாங்களே, உங்கள யாரு பாத்தாங்க? நான் பாத்தேன்."

கை ஓங்கினார். சார் குறுக்கே வந்து நின்றதும் கை இறங்கிவிட்டது. "என் வீட்டுல இருக்கணும்னா கேமரா இருக்கக் கூடாது. உங்கம்மாவக் கேட்டு முடிவு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா இறந்ததிலிருந்து பெரியப்பா வீட்டின் பின்கட்டில்தான் நாங்கள் இருந்தோம். பாகம் பிரித்ததில் அது அவருக்குப் போயிருந்தது. அம்மாவுக்கு அதை விட்டால் போக்கிடம் கிடையாது. நான் வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "அந்தப் படத்தக் காட்டு" என்றாள். என்னிடம் இருந்த இன்னொரு பிரதியைக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"உங்கப்பா போனப்பகூட இவுரு அழுவல. கல்லு மாதிரி நின்னாரு. தம்பி போயிட்டான்னு ஒரு சொட்டு வரல" என்றாள். படத்தை என்னிடம் திருப்பித் தராமல் மடியில் வைத்துக்கொண்டாள். "இவுருக்கும் அழுவத் தெரியும்னு ஊரு பாக்கட்டும். எடுக்காத. வேற வீடு பாக்கலாம்."

அம்மா சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.

செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் வரிசையில் ஒரு அறை பார்த்தோம். பாய் கடைக்குக் காற்றடிக்க வந்த டயர் மாட்டு வண்டியில்தான் சாமான் ஏறியது. அந்தப் படத்தை மட்டும் இறக்காமல் இன்னும் ஒரு வாரம் கம்பியிலேயே விட்டோம். பெரியப்பா எங்களோடு பேசுவதை நிறுத்தினார். சொந்தக்காரர்களும் கல்யாணப் பத்திரிகை வைப்பதை நிறுத்தினார்கள். பெரியப்பாவுக்குக் கொடுத்த பிரதி மட்டும் திரும்பி வரவில்லை. கிழித்துப் போட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை.

அடுத்த தீபத்துக்கும் அதே இடத்தில் போய் நின்றேன். வேண்டுமென்றேதான். கடைவாசலில் பெரியப்பா நின்றார். அவரும் இடத்தை மாற்றவில்லை. நான் கேமராவைத் தூக்கியதைப் பார்த்தார். வந்து பிடுங்குவார் என்று கேமரா வாரைக் கையில் சுற்றிக்கொண்டேன். அவர் தோள் துண்டை எடுத்து உதறி, ஒழுங்காக மடித்து, தோளில் அழுத்திப் போட்டுக்கொண்டார். பிறகு மலையைப் பார்த்தார். தீபம் ஏறியது. எல்லாம் மறந்து இரண்டு கையும் மேலே போயின. துண்டு மறுபடி நழுவியது.

கடைசி வரை பேசவில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு தீபத்துக்கும் நாங்கள் இருவரும் எதிரெதிரே நின்றோம்.

இரண்டாயிரமாவது வருஷம் வந்தது. சார் ஓய்வு பெற்று வந்தவாசிப் பக்கம் தன் ஊருக்குப் போனார். பாய் கடை இருந்த இடத்தில் லாட்ஜ் வந்தது. பிரேக் கம்பியை அவிழ்த்த அன்று, அதில் ஒரு கிளிப்பை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பாத்திரக் கடை இன்று செல்போன் கடை. எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் என்று ஒரு வேலை இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லை.

இந்த வருஷம், அந்தப் பெண் போலீஸ் நகர்ந்து போன பிறகு, "அரோகரா" என்று தெரு அதிர்ந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தேன். என்னைப் போலவே பாதிப் பேர் மலைக்கு முதுகு காட்டி நின்றார்கள். தங்களையும் தீபத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதற்காக வீட்டை விட்டேனோ அதை இன்று ஊரே செய்கிறது, கேட்பதற்கு ஒரு பெரியப்பா இல்லை. மீதிப் பேர் மலையைப் பார்த்துத்தான் நின்றார்கள். ஆனால் கையெடுத்துக் கும்பிடக் கை காலியாக இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் செல்போனின் முதுகு தெரிந்தது.

அதற்காக நான் திரும்பிவிடவில்லை. மலை எங்கும் போகாது என்று அவளிடம் சொன்னேனே. நான் தேடுவது பெரியப்பாவுடையது மாதிரி ஒரே ஒரு முகம், ஒரே ஒரு நழுவிய துண்டு. அது கிடைக்கிறவரை ஒவ்வொரு தீபத்துக்கும் இப்படித்தான் நிற்பேன்.