சீயக்காய் தேய்த்த தலையில் பூசிய மருந்து

நான் மும்பை தாராவியில் இருக்கிறேன். டெங்கு வந்துபோன பிறகு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்ததால், டாக்டர் தலையில் பூச ஒரு மருந்து கொடுத்தார். உதிர்வது குறைந்தது. ஆனால் தலை வறண்டு, செதில் செதிலாக உரிந்து, அரிப்பு தாங்க முடியவில்லை.

வறட்சிக்கு நமக்குத் தெரிந்தது எண்ணெய்க் குளியல்தானே? ஒரு வெள்ளிக்கிழமை காலை எண்ணெய் வைத்தேன். பிசுக்கு இருந்தால் மருந்து இறங்காதே என்று சீயக்காய் போட்டு, நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி அலசினேன். தலை எரிந்தது.

"ஏளா, ரத்தம் கசியுது பாரு. இன்னைக்கு மருந்து வேண்டாம்" என்றார் கணவர்.

"ஒரு நாள் விட்டாலும் திரும்பக் கொட்டிரும்" என்று பூசிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

சயான் ஸ்டேஷனில் லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் (பெண்கள் பெட்டியில்) ஏறி வாசலருகே நின்றேன். வண்டி வேகமெடுத்ததும் நெஞ்சு படபடத்தது, கண் இருட்டியது. "அரே, பகடோ!" என்று பிடிக்கச் சொல்லிக் கத்திய ஒருத்தி, வெளியே சாய்ந்த என்னைச் சடையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"இது முதல்ல பிரஷருக்கு வந்த மருந்து. புண்ணான தோல்ல பூசினா ரத்தத்துல கலந்து பிரஷரை இறக்கிரும்மா" என்றார், அன்றே போய்க் காட்டியபோது டாக்டர்.

இப்போது தலை வறண்டு உரிந்தாலே மருந்தை நிறுத்திவிட்டு அவரிடம் காட்டுகிறேன். சீயக்காயைத் தொடுவதில்லை. அன்று ரயிலில் இழுத்தவள் கையோடு ஒரு கொத்து முடி போனது. மிச்சமிருந்த முடிதான் என்னைத் தாங்கியது.