பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல்

டெக்ஸாஸில், கேட்டி என்கிற ஊரில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு அம்மா கையில் ஒரு கேக்கோடு வந்து கதவைத் தட்டினார். அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கேக்கில் பன்றிக்கொழுப்பு இல்லை, மது இல்லை என்று நாங்கள் கேட்கும் முன்பே சொன்னார். ரமலானில் ஆண்டு தவறாமல் பேரீச்சம்பழம் கொண்டுவருவார். ஒரு வருடம் எங்களுக்குத் துணையாக ஒருநாள் நோன்புகூட வைத்தார். தண்ணீரும் காபியும் மட்டும் குடித்துக்கொண்டார். வெறுப்புக்கு இங்கே இடமில்லை என்று அவர் வீட்டுப் புல்வெளியில் ஒரு பலகை நிற்கும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர்களைப் பற்றிப் புலம்புவது சுலபம். இவர் நல்லவர். எனக்கு அதுதான் பெரிய தொல்லை.

போன கோடையில் அவரும் கணவரும் பத்து நாள் மலைப்பக்கம் போனார்கள். பூனைக்குச் சாப்பாடு வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முன்கதவில் எண்களை அழுத்தித் திறக்கிற பூட்டு. இரண்டு நாள் ஒழுங்காகத் திறந்தது. மூன்றாம் நாள் காலை பாட்டரி தீர்ந்துபோய், எதை அழுத்தினாலும் அசையவில்லை. உள்ளே பூனை கத்துவது கேட்டது. அவருக்கு ஃபோன் செய்தேன்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன். "அடடா. ஒண்ணு பண்ணுங்க. சமையலறை ஜன்னலுக்குக் கொக்கி சரியா விழாது. வெளியிலேர்ந்து தள்ளினா திறந்துடும். ஏறி உள்ள போயிடுங்க. நானே எத்தனையோ தடவை போயிருக்கேன்."

அவர்கள் வீடு மூலை வீடு. அந்த ஜன்னல் தெருவைப் பார்த்தே இருக்கும். நான் ஒருமுறை குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். கறுத்த கை, நெஞ்சுவரை தாடி, வீட்டில் போடும் நீள ஜிப்பா. துப்பாக்கி வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

"ஜன்னல் வழியா நான் போறது சரியா இருக்காதுங்க," என்றேன்.

"பரவாயில்ல, நான்தான் பர்மிஷன் குடுக்கிறேனே."

"நீங்க பர்மிஷன் குடுத்தது தெருவுல போறவங்களுக்குத் தெரியாதே."

"யாராவது கேட்டா எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க."

யாராவது கேட்டால். கேட்பார்கள் என்றே அவர் நம்பினார். முதலில் கேள்வி, அதற்குப் பதில், பிறகுதான் மற்றதெல்லாம். அவருடைய அறுபது வருட வாழ்க்கையில் எல்லாம் அந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது. அதை ஃபோனில் எப்படி விளக்குவது? நான் தயங்கத் தயங்க, அவர் குரலில் லேசாக ஏமாற்றம் ஏறியது. பூனையின்மேல் எனக்கு இரக்கமில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

என் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏறவே ஏறாதீங்க. வேணும்னா வேற பூனை வாங்கிக் குடுத்துக்கலாம். உங்கள எங்க போயி வாங்குறது?" என்றாள்.

கடைசியில் எதிர்வீட்டுக் கிழவரிடம் போனேன். அவரும் வெள்ளைக்காரர். எழுபதுக்கு மேல் வயது, ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை. விஷயத்தைச் சொன்னதும், நீங்களே ஏன் ஏறக் கூடாது என்றுகூடக் கேட்காமல் ஏணியை எடுத்துக்கொண்டு உற்சாகமாக வந்துவிட்டார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஜன்னலைத் தள்ளித் தலையை உள்ளே விட்டார். இடுப்புவரை உள்ளே, கால்கள் இரண்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் போலீஸ் ரோந்துக் கார் ஒன்று மெதுவாக வந்து நின்றது.

கண்ணாடி இறங்கியது. ஆடும் கால்களைப் பார்த்து அந்த இளம் போலீஸ்காரர் சிரித்தார். "சார், ஹெல்ப் வேணுமா?"

"பூனைக்குச் சாப்பாடு," என்று உள்ளேயிருந்து கிழவர் கத்தினார்.

போலீஸ்காரர் தலையாட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "நீங்க இங்கதான் குடியிருக்கீங்களா?"

வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தவர் யார் என்று கேட்கவில்லை. ஏணி பிடித்தவனின் முகவரி வேண்டியிருந்தது. அடுத்த வீட்டைக் காட்டினேன், ஏணியை விடாமல், மற்றக் கை விரல்களை நன்றாக விரித்துக்கொண்டு. மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாகத்தான் போனார். ஜிப்பா முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

ஊரிலிருந்து திரும்பியதும் அந்த அம்மா தெருக்காரர்களை ஒரு மாலை விருந்துக்குக் கூப்பிட்டார். எல்லோர் முன்னிலும் என் தோளைத் தட்டி, "பாவம், இவருக்கு உயரம்னா பயம். எனக்குத் தெரியாமப் போச்சு," என்றார்.

எண்ணெய்க் கிணற்று மேடைகளில் பல வருடம் ஏறி இறங்கி வேலை பார்த்தவன் நான். அன்று பொறுக்கவில்லை. அவரைத் தனியாக அழைத்து, எனக்கு எதன்மேல் பயம் என்று நேராகச் சொன்னேன். போலீஸ்காரர் கேட்டதையும் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. "நம்ம தெருவுல யாரும் அப்படி இல்லையே," என்றார். பிறகு கண் கலங்கிவிட்டது. "நான் எவ்வளவு மோசமானவ. இது எனக்குத் தோணவே இல்லயே." அழத் தொடங்கினார். அடுத்த கால் மணி நேரம், நீங்கள் மோசமானவர் இல்லை, உங்கள் மனசு எங்களுக்குத் தெரியாதா என்று நான் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தேன். காகிதக் கைக்குட்டைகூட நானே தேடி எடுத்துக் கொடுத்தேன். வீடு திரும்பும்போது மனைவி, "சொல்லப் போனது நீங்க. ஸாரி கேட்டுட்டு வந்ததும் நீங்கதானா?" என்றாள்.

நவம்பர் விடுமுறைக்கு அவர்கள் மறுபடி வெளியூர் கிளம்பினார்கள். மறுபடி பூனை. அன்று மாலை என் மகள் ஃபோனை நீட்டியபடி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அத்தா, யூ நீட் டு ஸீ திஸ்."

எங்கள் குடியிருப்பின் இணையக் குழுவில் என் படம் பெரிதாக இருந்தது. கீழே அந்த அம்மா எழுதியிருந்தார்: இவர் எங்கள் அன்பான அண்டை வீட்டுக்காரர். இந்த வாரம் எங்கள் வீட்டைச் சுற்றி இவரைப் பார்த்தால் யாரும் பதற்றப்பட வேண்டாம். மிகவும் சாதுவானவர்.

அதன்கீழ் இதயக் குறிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன.

"நல்ல நாய்னு போட்டுருக்கலாம்," என்றாள் மனைவி.

எடுக்கச் சொல்லி ஃபோன் செய்ய நினைத்தேன். செய்தால் மறுபடி அழுவார், மறுபடி நான் தேற்ற வேண்டும். அதற்குத் தெம்பில்லை. விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நடைக்குப் போனபோது அதுவரை என்னிடம் பேசியே இராத ஒருவர் காரை நிறுத்தி, "பூனை மனுஷர் நீங்கதானே?" என்று கைகாட்டினார். நானும் கைகாட்டினேன். என்னை அதிகம் எரிச்சல்படுத்திய விஷயம் ஒன்றுண்டு. மகளிடம்கூட இதைச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுதும் அவர்கள் வீட்டு முன்கதவைத் திறக்கும்போது, குடிவந்த இத்தனை வருடத்தில் முதல்முறையாக, நான் திரும்பித் தெருவைப் பார்க்கவில்லை.