கொலுவுக்குக் கொலு ஒரு காரணம்

என் மனைவிக்குப் பகலில், சொல்லாமல் கொள்ளாமல், தூக்கம் வரும். பத்து நிமிடம் தூங்கி எழுந்து, விட்ட வாக்கியத்தை முடிப்பாள். பலமாகச் சிரித்தால் கை கால் துவண்டுவிடும். ஊரைச் சிரிக்கவைப்பதே வேலையாகத் திரியும் என்னை அவள் கட்டிக்கொண்டதைக் கேட்டு நரம்பு டாக்டரே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த நவராத்திரிக்காவது கடைசிவரைக்கும் உட்கார்ந்துட்டு வரணும். பாதியில கிளப்பிண்டு வராதீங்கோ" என்றாள்.

தலையாட்டினேன். பிறகு, போகவேண்டிய மூன்று வீடுகளுக்கும் ரகசியமாகப் போன் செய்து, அவள் கண்ணசந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதிருக்க ஆளுக்கொரு காரணம் சொல்லிவைத்தேன். கொலு வைத்தவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வெற்றிலை பாக்கு வாங்கப் போவார்கள் என்பது ஐம்பது வயதாகியும் எனக்கு உறைக்கவில்லை.

மயிலாப்பூரில் என் அத்தை வீட்டுக்குப் போனபோது மற்ற இரண்டு வீட்டுக்காரர்களான அடையாறு மாமியும் தி.நகர் சித்தியும் அங்கே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தூங்கினாலும் சரிந்து விழாதிருக்க மனைவியைக் கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்தேன். மாமி பாட ஆரம்பித்தார். அனுபல்லவியில் இவள் தலை சாய்ந்தது. அவள் கையிலிருந்த சுண்டல் கிண்ணத்தைப் பிடிக்கப் பாய்ந்தேன். கிண்ணம் பிழைத்தது, கீழ்ப்படியில் செட்டியார் பொம்மை மளிகைக்கடையோடு கவிழ்ந்தது.

பாட்டு நின்றது.

"பாவம், காலம்பறலேர்ந்து விரதம்னியேடா" என்றாள் அத்தை.

"விரதமா? எங்கிட்ட நைட் ஷிப்டுன்னான்" என்றாள் தி.நகர் சித்தி.

மாமி குரலைத் தாழ்த்தினார். "எங்கிட்ட விசேஷம்னாரே."

"நாப்பத்தாறு வயசுலயா?" என்றாள் அத்தை.

பொம்மை விழுந்த சத்தத்தில் விழித்திருந்த என் மனைவி இதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்து, நாற்காலியிலேயே துணிபோலத் துவண்டாள்.

"ஆட்டோ கூப்பிடறேன்" என்று போனை எடுத்தேன். என் விரல் கால்குலேட்டரைத் திறந்தது.

ஒரு நிமிடத்தில் அவளுக்குப் பேச்சு வந்தது. "ஆட்டோவெல்லாம் வேண்டாம். அத்தை, எனக்கு இது ஒரு தூக்க வியாதி. பத்து நிமிஷம் விட்டா சரியாப்போயிடும். மாமி, நீங்க பாடுங்கோ, நன்னாருந்தது."

"அவ்வளவுதானே" என்று அத்தை உள்ளேயிருந்து தலையணை கொண்டுவந்தாள். மாமி சரணத்துக்குப் போனார். இவள் நிம்மதியாகத் தூங்கினாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் மட்டும் வேர்த்து விறுவிறுத்து, சுண்டலும் செட்டியாருமாக நின்றேன். அத்தை எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருடா. நீதான் விழுந்துடுவே போலருக்கு."

அதுவும் கைவைத்த நாற்காலி.