வரைபடத்தில் நான் அழித்த வீடு

பேராசிரியரே, நீங்கள் வெளியிட்ட கணினி வரைபடம் பொய். அதில் ஒரு பொய்யை என் கையாலேயே செய்தேன்.

சுனாமிக்கு முன் கல்முனைக்குடிக் கடற்கரையில் இருந்த வீடுகளைப் பதிவுசெய்யும் ஆய்வு அது. நான் உங்கள் ஆய்வு உதவியாளன். அந்தக் கரையில் குடியிருந்த பரீதா ராத்தா என்னை வெயிலில் கூட்டிப்போய், மணலில் கிடந்த அத்திவாரத்தைக் காட்டினார். குசினி எது, பிள்ளைகள் படுத்த அறை எது என்று நடந்து நடந்து சொன்னார். அவருடைய வாப்பா சீதனமாகக் கொடுத்த வீடு. காணி உறுதிப் பத்திரம் கடலோடு போய்விட்டது. நான் வீட்டை வரைபடத்தில் குறித்துக்கொண்டேன்.

"உறுதி இல்லாட்டி அது தரவு இல்ல. அத அழிச்சுவிடும்" என்றீர்கள். விரிவுரையாளர் வேலைக்கு உங்கள் சிபாரிசுக் கடிதம் எனக்குத் தேவைப்பட்டது. அழித்தேன்.

வெளியீட்டு விழாவுக்கு ராத்தாவும் வந்தார். பெரிய திரையில் விரல் வைத்துத் தேடினார். அவருடைய வளவு இருந்த இடத்தில் வெறும் மணல்.

"என்ட ஊடு எங்க தம்பி?"

"உறுதி இல்லாத ஊடுகளப் போடல்ல, ராத்தா."

"கடல்கூட அத்திவாரத்த உட்டுட்டுத்தானே போன."

பக்கத்தில் றோல்ஸ் தின்றுகொண்டிருந்த நீங்கள், "அவவுக்கு இதெல்லாம் விளங்காது" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. அதே வரைபடத்தை வைத்துத்தான் வரலாறு படிப்பிக்கிறேன். திரையில் அந்த வெறும் மணல் வரும்போது மாணவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை.

அழித்தது நான்தான் என்று இங்கே எழுதிவிட்டேன். அழிக்கச் சொன்ன நீங்கள் விழா நடந்த அதே மண்டபத்தில், ராத்தாவை முன்வரிசையில் இருத்தி, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்: அந்த இடத்தில் யாரும் குடியிருக்கவில்லையா?