அலுமினியமா, எஃகா

கோபம் வந்தால் லோர்னா பிரிட்செட்டுக்குப் பேச்சு நின்றுவிடும். டேட்டன் நகரில் பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டும் அவள், அன்று காலையிலிருந்தே வாய் திறக்கவில்லை. எல்லாம் தம்பி வேட் செய்த வேலை.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகள் எட்டை தன் பந்தயக் காருக்காக அவன் முந்தின வாரம் பெருமையாகக் கொண்டுவந்திருந்தான். யாரோ பந்தயத்தில் ஓட்டிவிட்டு விற்ற அலுமினிய ராடுகள். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பாலிஷ்.

"எத்தனை ஓட்டம் ஓடினது?" என்று லோர்னா அன்றே கேட்டாள்.

"ரொம்ப இல்லன்னான்க்கா."

"அவன் சொன்னான், நீ கேட்டியாக்கும்! அலுமினியம் ஓட ஓடக் களைச்சுப் போகும்டா. வெளிய ஒண்ணும் தெரியாது. திடீர்னு உடைஞ்சு, பக்கத்துல நிக்கிறவன் வயித்துல பாயும்."

அவள் போட்டது கனமான புது எஃகு ராடுகள். "காருக்கு இன்ஜின் கேட்டேன், கப்பலுக்கு நங்கூரம் கட்டித் தர்றியே" என்று இன்று காலை வேட் நக்கலடித்தான். பந்தயத்தில் தோற்றால் இனி இந்தப் பட்டறை வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

சோதனை அறையில் இன்ஜின் அலறியது. ஓடும்போது உள்ளே யாரும் போகக் கூடாது. தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போவின் அழுத்தமானி முள், அவள் வைத்த அளவைத் தாண்டி ஏறியது. திரும்பினாள். பக்கத்தில் தம்பி இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்ஜின்மேல் குனிந்து அழுத்தத்தைக் கூட்டும் திருகைத் திருகிக்கொண்டிருந்தான்.

நிறுத்தும் பொத்தானை ஓங்கி அடித்தாள். அதற்குள் உள்ளே 'டம்' என்றது.

"இன்னும் வேகம் வரட்டும்னு கொஞ்சந்தான்க்கா திருப்பினேன்..." வேடின் முகத்தில் ரத்தமே இல்லை.

இன்ஜினைப் பிரித்தார்கள். மூன்றாவது ராடு வளைந்திருந்தது. உடையவில்லை. அவன் நின்றது அதற்கு நேர் எதிரே. லோர்னா அவன் முதுகில் ஓர் அறை விட்டாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு, எண்ணெய்க் கையோடு அழுதாள்.

வேட் அலுமினிய ராடுகளை எடுத்து ஒவ்வொன்றாக ரம்பத்தில் கொடுத்து இரண்டாக அறுத்தான்.

"வித்திருந்தா கொடுத்த காசாவது வந்திருக்குமேடா."

"என்னை மாதிரி இன்னொரு மடையன் வாங்கிடுவான்க்கா."