வாங்கி, முடித்து, திருப்பிக் கொடுத்தவர்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேக் கிடைத்தது. எனக்காக வெட்டியதல்ல. புளியந்தீவில் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன கேம் கம்பெனி, தன் முதல் கணினி விளையாட்டில் ஆயிரம் பிரதி விற்றதைக் கொண்டாடியது. காணாமல் போன எருமைகளை வயல் வயலாகத் தேடிப் பிடிக்கும் விளையாட்டு அது.

"அக்கா, கேக்கத் திண்டுட்டு லாபம் எவ்வளவு எண்டு பாருங்க" என்றார் முதலாளி அன்ரன். முப்பது வயது இருக்கும்.

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, கேம் என்றால் கரம்போர்டு வரைதான் தெரியும். ஆனாலும் இணையக் கடை அனுப்பிய விற்பனை அறிக்கையை ஓரம்வரை வாசித்தேன். கடைசி நிரலில் 'ரிஃபண்ட்' என்றிருந்தது.

"தம்பி, ஆயிரத்தில அறுநூறு பேர் திருப்பிக் குடுத்திட்டாங்க."

அன்ரன் மெல்லுவதை நிறுத்தினார். "ஏன், கேம் சரியில்லையாமா?"

அதுதான் இல்லை. "அருமை, ஒரே மூச்சில் முடித்தேன்" என்று எழுதிவைத்துவிட்டே காசைத் திரும்ப வாங்கியிருந்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் விளையாடியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது அந்தக் கடையின் விதி. எங்கள் விளையாட்டோ ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கடையின் பங்கும் விளம்பரச் செலவும் போக மிஞ்சியதில் எங்கள் மூவருக்கும் அடுத்த மாதச் சம்பளம் இல்லை.

"எருமைய மெதுவா நடக்க விடுவமா?" என்றார் அன்ரன்.

விளையாட்டை வடிவமைத்த ஷாலினிக்குக் கோபம் வந்துவிட்டது. "எருமைக்கும் ரோசம் இரிக்கு. கடைசி எருமைய வாவிக்கு அங்கால, கொக்கட்டிச்சோலைப் பக்கம் விடுவம். ஆக்கள் தோணியில போய்ப் பிடிக்கட்டும்."

"தோணி எப்ப வெளிக்கிடும்?" என்று கேட்டேன்.

"ஆள் நிரம்பினாத்தான், அக்கா" என்று சிரித்தாள்.

புதிய பதிப்பில் தோணிக்காரன் அசையவே மாட்டான். சைக்கிளோடு ஒருவர், மீன்கூடையோடு ஒரு பெண், குடையோடு ஒரு வாத்தியார் என்று ஒவ்வொருவராக வந்து ஏறி, தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுவார்கள். அதற்குள் இரண்டு மணித்தியாலம் தாண்டிவிடும்.

முதல் வாரம் திட்டுத்தான் வந்தது. "தோணியத் தூக்குவம்" என்று அன்ரன் பயந்தார். இந்தக் கள்ள வேலைக்குத் துணை போனேனே என்று நானும் ரிஃபண்ட் நிரலைத் தினமும் திறந்து பார்த்தேன். பிறகு ஒருவர் எழுதினார்:

"தோணிக்காரனோட சண்டை பிடிச்சு நீந்தினன். முதலை திண்டிட்டு. ரெண்டாந்தரமும் திண்டிட்டு. மூண்டாந்தரம் பேசாம இருந்தன். சைக்கிள்காரர்ர மகள்ர கலியாணம் சரிவந்ததா? ஆராவது சொல்லுங்க."

அதன் கீழே அதே கேள்வியோடு நாற்பது பேர். அந்த மாதம் திருப்பிக் கொடுத்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. சம்பளம் நாலு நாள் பிந்தி வந்தது, ஆனால் வந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது பாதிச் செய்திதான். எத்தனை பேருக்குத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்பதையும் பாருங்கள். அன்ரன் இதை என்னைவிட நன்றாகப் படித்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்துவிட்டதாக அந்த நாற்பது பேருக்கும் ஷாலினி பதில் எழுதப்போனபோது, ஓடிவந்து அவள் கணினியை மறித்துக்கொண்டு நின்றார்.

"பொறுங்க! அதுக்குத்தான் ரெண்டாம் பாகம் விக்கப்போறம்."